எங்கள் ஊர்த் தொட்டியின் அளவுகாட்டியை முதலில் சரிசெய்யுங்கள்

பஞ்சாயத்துத் தலைவர் அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், குடிநீர்த் திட்டப் பொறுப்பில் இருக்கும் பொறியாளர் அவர்களுக்கும்,

போன மாதக் கடைசியில் எங்கள் வார்டில் வீடு வீடாக வந்து ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். வீட்டுத் தொட்டி நிரம்பித் தண்ணீர் தெருவில் வழிந்தால் முதல் தடவை 500 ரூபாய் அபராதம், இரண்டாம் தடவை இணைப்பைத் துண்டிப்பது. எல்லா வீட்டுக்காரர்களும் 30 நாளுக்குள் சொந்தச் செலவில், தொட்டியின் அளவைப் பார்த்து மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற தானியங்கி லெவல் கன்ட்ரோலர் மாட்டிவிட வேண்டும். இனிமேல் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு முறை. இவற்றோடு இன்னொரு வரியும் இருக்கிறது: கடைக்கோடித் தெருக்களுக்குத் தண்ணீர் போய்ச் சேராததற்குக் காரணம், மேட்டுத் தெரு வீடுகளில் வீணாக வழிய விடுவதுதான் என்று.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அது உண்மை இல்லை. உண்மை இல்லை என்பதை நான் அளந்து எழுதி வைத்திருக்கிறேன்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கோழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற பக்கத்தில் 26 வருடமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். நோட்டீஸ் வந்த மறுநாளிலிருந்து கடைக்கு ஆட்கள் வந்தபடியே இருக்கிறார்கள். "அந்தக் கன்ட்ரோலர் என்ன விலைங்க, எப்ப வந்து மாட்டித் தர்றீங்க" என்று கேட்கிறார்கள். இந்த உத்தரவால் முதலில் காசு பார்க்கப்போகிறவன் நான்தான். ஒரு பயனும் இல்லாத பொருளை அக்கம்பக்கத்து ஜனங்களின் தலையில் கட்டி அந்தக் காசை வாங்க எனக்கு மனம் வரவில்லை. வந்தவர்களிடமெல்லாம் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

முதலில் உங்கள் தொட்டியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வார்டுக்கும் பக்கத்து வார்டுக்கும் தண்ணீர் தருகிற ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி. அதன் வெளிச்சுவரில் ஓர் அளவுகோல் எழுதியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு மிதவை. மிதவையில் கட்டிய கம்பி மேலேறி, இரண்டு கப்பிகளைத் தாண்டி, வெளிப்பக்கம் இறங்குகிறது. அதன் நுனியில் தொங்கும் இரும்புத் துண்டுதான் முள். உள்ளே தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், வெளியே முள் இறங்கும். அதனால் இந்த அளவுகோலைத் தலைகீழாகத்தான் படிக்க வேண்டும். முள் உச்சியில் இருந்தால் தொட்டி காலி, அடியில் இருந்தால் தொட்டி நிறைவு. கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், தூரத்தில் சைக்கிளில் போகிறவனுக்கும் தெரியும். எளிமையான, நல்ல ஏற்பாடு.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கோடை மழைக் காற்றில் அந்தக் கம்பி அறுந்தது. முள் சறுக்கிக்கொண்டு வந்து அளவுகோலின் அடியில் நின்றது. அடி என்றால் நிறைவு. அன்றிலிருந்து இன்றுவரை, உள்ளே ஒரு குடம் தண்ணீர்கூட இல்லாத நாளிலும், தொட்டி நிறைந்திருப்பதாகத்தான் சுவர் காட்டுகிறது. கிராம சபையில் இரண்டு தடவை சொன்னேன். வார்டு மெம்பரிடம் எழுதிக் கொடுத்தேன். அறுந்த கம்பியை மாற்ற ஒரு நாள் வேலை போதும்.

முள் வேலை செய்யாததால் என்ன நடக்கிறது என்றால், மோட்டார் கடிகாரத்தை நம்பி ஓடுகிறது. பம்ப் ஹவுஸில் டைமர் வைத்து இரவு 10 மணிக்குப் போட்டு விடியற்காலை 4 மணிக்கு நிறுத்துகிறார்கள். வோல்டேஜ் நன்றாக இருந்தால் காலித் தொட்டி ஐந்து மணி நேரத்தில் நிரம்பிவிடும். அதாவது மணிக்கு 20,000 லிட்டர். வோல்டேஜ் குறைந்த இரவில் ஆறு மணி நேரம் ஓடினாலும் பாதிதான். பாதித் தொட்டியில் தொடங்கிய இரவில், நிரம்பி வழிகிறது.

பிப்ரவரி 20-ஆம் தேதி இரவு ஒரு தோட்டத்தில் மோட்டார் வேலை முடித்துவிட்டு வண்டியில் வந்துகொண்டிருந்தேன். மணி 1.10. தொட்டிக்குப் பக்கத்தில் மழை பெய்கிற மாதிரிச் சத்தம். வழிந்தோடுகிற குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே இருந்த மண் குழியாகி, அங்கிருந்து ஓடைபோல் போய் வாய்க்காலில் விழுந்தது. அன்று எந்தத் தெருவுக்கும் வால்வு திறக்கவில்லை. ஆகவே மோட்டார் ஏற்றியதெல்லாம் அப்படியே வெளியே வந்தது. ஆபரேட்டருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பம்ப் ஹவுஸ் பூட்டியிருந்தது. 4 மணிக்கு டைமர் நிறுத்தும்வரை அங்கேயே நின்றேன். நான் பார்த்த நேரத்தில் மட்டும் 2 மணி 50 நிமிடம். கணக்குப் போட்டால் 56,000 லிட்டருக்கு மேல். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. ஐந்து பேர் குடும்பத்துக்கு 275 லிட்டர். அந்த ஒரு இரவில் வாய்க்காலுக்குப் போனது 200 குடும்பங்களின் ஒரு நாள் தண்ணீர். வீடியோ என்னிடம் இருக்கிறது. அந்த வாரம் முழுக்கக் கடைக்கோடியில் இருக்கிற கிழக்குத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை.

ஆபரேட்டரை நான் குறை சொல்லவில்லை. அவர் ஒப்பந்தக்காரர், மூன்று தொட்டிகளைப் பார்க்கிறார். அந்தத் தொட்டியின் இரும்பு ஏணியில் பல படிகள் துருப்பிடித்து இற்றுப்போயிருக்கின்றன. இருட்டில் அதில் ஏறி மூடியைத் திறந்து பார்க்கச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஏறாமலே அளவு தெரிய வேண்டும் என்றுதானே அந்த முள்ளை வைத்தார்கள்.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். மேல்நிலைத் தொட்டியின் தினசரி நீர்மட்டப் பதிவும் மோட்டார் ஓடிய நேரப் பதிவும் வேண்டும் என்று. நீர்மட்டத்துக்குப் பதிவேடு எதுவும் வைக்கப்படவில்லை என்று பதில் வந்தது. மோட்டார் பதிவின் நகல் கிடைத்தது. எல்லா வரியிலும் ஒரே கையெழுத்தில் "10 முதல் 4 வரை, 6 மணி நேரம்". போன மே மாதம் ஓர் இரவு மரம் சாய்ந்து விடியும்வரை எங்கள் பக்கம் முழுக்கக் கரண்ட் இல்லை. அன்றைய வரியிலும் 6 மணி நேரம்.

இதை வைத்துக்கொண்டு வீணாக்குகிறவர்கள் நாங்கள் என்று எப்படி எழுதினீர்கள்?

இப்போது என் நோட்டுப் புத்தகம். என் வீட்டு சம்ப், அதாவது தரைக்கு அடியில் கட்டிய தொட்டி, உள்ளளவில் 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 30 லிட்டர். அளப்பதற்கு ஒரு பாக்கு மரச் சிம்பைச் சீவி, சென்டிமீட்டர் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மரத்தில் ஈரக் கோடு இருட்டில் சரியாகத் தெரியாது. அதற்கு ஒரு வழி, நிலத்தடி நீர்மட்டம் அளக்க வந்தவர்களிடம் பார்த்துக் கற்றது: அளவு நாடாவில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் விடுவார்கள், தண்ணீர் பட்ட இடம்வரை வெள்ளை கறுத்துவிடும். என் குச்சியிலும் அப்படித்தான். இரவு 10 மணிக்கு ஒரு தடவை, காலை 5 மணிக்கு ஒரு தடவை. இடையில் வீட்டு மோட்டாரைப் போடுவதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கொடுத்த தண்ணீர்.

பாதிப் பக்கங்களில் இருப்பது என் மனைவியின் கையெழுத்து. தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் காற்று சீறும். அந்தச் சீறல் கேட்டால் எந்நேரம் ஆனாலும் அவள் எழுந்துவிடுவாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சம்ப் மூடியை நகர்த்தி, முதலில் வருகிற செம்மண் தண்ணீரை வெளியே திருப்பிவிட்டு, தெளிந்த பிறகு உள்ளே விடுவாள். பிறகு தூங்க மாட்டாள், காலையில் வேலைக்குப் போவாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இந்த வேலை பெண்களுடையதாகத்தான் இருக்கிறது.

மார்ச் மாதப் பக்கத்தை அப்படியே தருகிறேன். 4-ஆம் தேதி 31 சென்டிமீட்டர். 9-ஆம் தேதி 12. 13-ஆம் தேதி காற்று மட்டும், தண்ணீர் இல்லை. 18-ஆம் தேதி 44. அடுத்து வந்தது 22-ஆம் தேதி. ஆக 18 நாளுக்கு 87 சென்டிமீட்டர், 2,610 லிட்டர். வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 29 லிட்டர். திட்டத்தில் சொன்ன 55-க்குப் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். நான்கு நாளைக்கு ஒரு முறை என்றால் ஒவ்வொரு தடவையும் என் சம்பில் 37 சென்டிமீட்டர் ஏற வேண்டும். அந்த மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் அப்படி ஏறியது. 18 நாளும் ஆன பிறகும் சம்ப் ஒரு நாள்கூட நிரம்பவில்லை. நிரம்பாத தொட்டி எப்படி வழியும்?

நான் சம்ப் உள்ளவன். கிழக்குத் தெருவில் பல வீடுகளில் சம்ப் கிடையாது. ஒரு 500 லிட்டர் சின்டெக்ஸ், இரண்டு டிரம், மீதி குடமும் அண்டாவும். அங்கே ஓர் ஆத்தா இருக்கிறார், வயது எழுபதைத் தாண்டும். விடிந்ததும் தன் சின்டெக்ஸ் தொட்டியை விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார். டொம் டொம் என்று கேட்கிற சத்தம் ஓரிடத்தில் மொத்தென்று மாறும். அங்கே கரித்துண்டால் ஒரு கோடு. நேற்றைய கோட்டுக்கும் இன்றைய கோட்டுக்கும் நடுவே தன் விரல்களை வைத்துப் பார்ப்பார். மூன்று விரல் என்றால் அன்றைக்குத் துணி துவைக்க மாட்டார். இந்த அளவுக்குக் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவரிடமும் அபராத நோட்டீஸைக் கொடுத்துக் கைநாட்டு வாங்கியிருக்கிறீர்கள்.

தெருவில் தண்ணீர் வழியவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மேட்டுத் தெருவில் நாலைந்து வீடுகளில் வழிகிறது, நானே போய்ப் பார்த்தேன். ஏன் வழிகிறது என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா? நான் பார்த்த சம்ப் ஒவ்வொன்றிலும் மிதவை வால்வு, நாங்கள் பால்காக் என்று சொல்வது, மாட்டித்தான் இருக்கிறது. பந்து மேலே வந்தால் குழாய்வாயை அடைக்கும். குழாயில் எப்போதும் தண்ணீர் நின்றால் அது வருடக்கணக்கில் உழைக்கும். நாலு நாள், அஞ்சு நாள் குழாய் காலியாகக் கிடந்தால், இணைப்புகளிலும் விரிசல்களிலும் வெளியே இருக்கிற சேறு உள்ளே இழுக்கப்படுகிறது. திரும்பவும் தண்ணீர் விடும்போது அந்த மணல் முழுக்க முதல் தண்ணீரோடு வந்து பால்காக்கின் வாஷரில் உட்கார்கிறது. வால்வு முழுசாக மூடாது. நள்ளிரவு இரண்டு மணிக்கு, எல்லாரும் தூங்குகிற நேரத்தில், மூடாத வால்வு வழியத்தான் செய்யும். பகல் ஐந்து மணிக்குத் தண்ணீர் விட்டால் வீட்டில் யாராவது பார்த்து மூடிவிடுவார்கள்.

கன்ட்ரோலருக்கு வருகிறேன். இது என் தொழில், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். லெவல் கன்ட்ரோலர் செய்வது ஒரே வேலை: அளவைப் பார்த்து மோட்டாரைப் போடும், நிறுத்தும். சம்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டாரை. உங்கள் குழாய்த் தண்ணீர் சம்புக்குள் வருவது அதன் சொந்த அழுத்தத்தில். அங்கே மோட்டாரே கிடையாது. நீங்கள் சொல்கிற கன்ட்ரோலரை ஊரில் எல்லா வீட்டிலும் மாட்டினாலும், தெருவில் வழிகிற சம்ப் தண்ணீரில் ஒரு சொட்டைக்கூட அது நிறுத்தாது. அதை நிறுத்தக்கூடியது நல்ல பித்தளை பால்காக் ஒன்றுதான், முந்நூறு நானூறு ரூபாய். இதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் உத்தரவு போட்டிருக்கிறீர்கள்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. 30 நாள் கெடு என்றால் ஜனங்கள் கிடைத்ததை வாங்குவார்கள். கிடைப்பதில் விலை குறைந்தது கேபிளில் தொங்குகிற ஃப்ளோட் சுவிட்ச். மலிவானவற்றில் 230 வோல்ட் கரண்ட் நேராக அந்தக் கேபிள் வழியாகத் தண்ணீருக்குள் போய் வருகிறது. கேபிள் உறை எலி கடித்தோ, காங்கிரீட் விளிம்பில் உரசியோ வெடித்தால், குடிக்கிற தண்ணீரிலேயே கரண்ட். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் எர்த் சரியாக இல்லை. கரண்ட் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரிலேயே விழுந்து லைனைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் பல வீடுகளில் கிடையாது. கை விட்டுக் குச்சியால் அளக்கிற பெண்கள் இருக்கிற ஊர் இது. எஃகுக் கம்பி தொங்கவிட்டு அளக்கிற வகை இதைவிடப் பாதுகாப்பு, குறைந்த வோல்ட்டில் வேலை செய்யும். ஆனால் எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து ஊற்றுகிற சம்பில் ஆறே மாதத்தில் கம்பி முழுக்கச் சுண்ணாம்பு படிந்து, தண்ணீர் இருந்தாலும் இல்லை என்று காட்டும். மூடிக்கு அடியில் மாட்டி ஒலி அனுப்பி எதிரொலியில் தூரம் அளக்கிற கருவியும் வருகிறது. நல்ல கருவிதான். ஆனால் மூடியில் நீராவி முத்துமுத்தாகக் கோத்துக்கொண்டால் தப்பாகப் படிக்கும். மலிவான வகை, முகத்துக்கு ஓர் அடிக்குள் தண்ணீர் வந்துவிட்டால் அளக்கவே முடியாமல் திணறும். ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற இடம் இருக்கிறது, பராமரிப்பு இருக்கிறது. ஊருக்கெல்லாம் ஒரே உத்தரவில் முடிகிற காரியம் இல்லை இது.

வீட்டுக்காரர்களுக்கு அளவு தெரிவது அவசியம் என்பதை என்னைவிட அறிந்தவர் இல்லை. சம்பில் தண்ணீர் இருக்கும் என்று நம்பி மோட்டார் போடுகிறார்கள். அது காற்றை இழுத்துக்கொண்டு ஓடும். சீல் வெந்து, தண்ணீர் உள்ளே இறங்கி, மோட்டாரின் கம்பிச் சுற்று கருகும். கடை ஷட்டரைத் திறப்பதற்கு முன்னாலேயே எரிந்த வார்னிஷ் வாசனையோடு திண்ணையில் யாராவது மோட்டாரை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். மழைக்காலத்தில் அப்படி மாதத்துக்கு நாலைந்து வரும். மார்ச், ஏப்ரலில் வாரத்துக்கு நாலைந்து. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அந்த ரீவைண்டிங் செலவு மூன்று நாள் சம்பளம். தண்ணீர் என்றைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் இவற்றில் பாதி எரிந்திருக்காது.

இன்னொரு விஷயம். ஆஷா சுகாதாரப் பணியாளர் ஞாயிற்றுக்கிழமை வந்து, கொசு வளராமல் இருக்க வாரம் ஒரு முறை டிரம்மையும் தொட்டியையும் காலி செய்து தேய்த்துக் காய வையுங்கள் என்கிறார். டெங்குக் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அவர் சொல்வது சரி. ஆனால் அடுத்த தண்ணீர் என்றைக்கு என்று தெரியாத வீட்டில் எந்தத் தைரியத்தில் டிரம்மைக் கவிழ்ப்பார்கள்?

எங்கள் பகுதி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாததில்லை. கேரளம் என்றால் மழை என்பார்கள். பாலக்காட்டுக் கணவாயில், மலையின் மறைவில் கிடக்கிற எங்களுக்கு அந்த மழை வருவதில்லை. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கெடுப்பில், அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட வட்டாரம் என்று எங்கள் சித்தூர் பல தடவை பதிவாகியிருக்கிறது. போர் போட்டாலும், கிழக்குப் பகுதியில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம், குடிக்க முடியாது. உங்கள் குழாயை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை.

அளப்பது எங்கள் நாட்டுக்குப் புதிதும் இல்லை. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி எங்கள் ஆறான சித்தூர்ப்புழைக்கு வருடம் 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். அதை மணக்கடவில் அளக்கிறார்கள். ஒரு டி.எம்.சி. என்பது 2,830 கோடி லிட்டருக்கு மேல். அத்தனை பெரிய ஆற்றை அளந்து, குறைந்தால் தமிழ்நாட்டிடம் கணக்கோடு கேட்கிறோம். கேட்பது நியாயம். அதே கணக்கை எங்கள் தெரு முனையில் இருக்கிற ஒரு லட்சம் லிட்டருக்கு நாங்கள் உங்களிடம் கேட்கிறோம். பிளாச்சிமடை நமக்குப் பக்கம்தான். அங்கே கிணறு இறங்குவதையும் தண்ணீரின் ருசி மாறுவதையும் எந்த அலுவலகமும் முதலில் கண்டு சொல்லவில்லை. குடம் தூக்கிய பெண்கள் சொன்னார்கள். 2002-இல் மயிலம்மாவும் மற்றவர்களும் கோகோ கோலா ஆலை வாசலில் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பேச்சு வெளியே எட்டியது. வீட்டில் தண்ணீரை அளக்கிறவர்கள் சொல்வதை நம்ப ஏன் எப்போதும் இத்தனை காலம் ஆகிறது?

நோட்டீஸ் மலையாளத்தில் மட்டும் இருந்தது. எனக்கு மலையாளம் பேச வரும், தட்டுத்தடுமாறிப் படிப்பேன். எங்கள் தெருவில் வயதானவர்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், அல்லது படிக்காதவர்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்கள். சித்தூரில் படிக்கிற என் மகள்தான் தெருவில் உட்கார்ந்து எல்லாருக்கும் வாசித்துச் சொன்னாள். தன் குறையை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்குகிற எந்த மொழியிலும் அதிகாரிகளிடம் எழுதிக் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு சொல்கிறது. அதன்படி தமிழில் எழுதுகிறேன். இதன் மலையாள நகலையும் மகள் எழுதித் தந்திருக்கிறாள், இணைத்திருக்கிறேன்.

நாங்கள் கேட்பது இவை.

அபராதம், இணைப்புத் துண்டிப்பு, கன்ட்ரோலர் கட்டாயம், இந்த மூன்றையும் உடனே எழுத்து மூலம் நிறுத்தி வையுங்கள். வீடுகள்தான் வீணாக்குகின்றன என்ற வரியைத் திரும்பப் பெறுங்கள். ஏற்கனவே யாரிடமாவது 500 ரூபாய் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

மேல்நிலைத் தொட்டியின் அளவுகாட்டியை 15 நாளுக்குள் சரிசெய்யுங்கள், ஏணியையும் மாற்றுங்கள். பம்ப் ஹவுஸில் டைமரை மட்டும் நம்பாமல், தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்துகிற ஏற்பாடு வேண்டும். கன்ட்ரோலர் அவசியமாகத் தேவைப்படுகிற இடம் அதுதான். தினமும் காலையும் மாலையும் தொட்டியின் அளவு என்ன, மோட்டார் உண்மையில் எத்தனை மணி நேரம் ஓடியது, எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வால்வு திறந்து எத்தனை மணிக்கு மூடியது, இவற்றைத் தொட்டியின் அடியில் ஒரு கரும்பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வையுங்கள். அதே விவரம் பதிவேட்டிலும் இருக்கட்டும், ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிக்கப்படட்டும்.

நான்கு நாளைக்கு ஒரு முறை என்பதை நாங்கள் ஏற்கவில்லை. வழிகிறதை நிறுத்தினாலே இரண்டு நாளைக்கு ஒரு முறை கொடுக்க முடியுமா என்று பதிவேட்டை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். எத்தனை நாளைக்கு ஒரு முறை ஆனாலும், பகலில் கொடுங்கள். நேரத்தை முந்தின நாள் மாலையே அறிவியுங்கள். கிழக்குத் தெருவுக்கு முதலில் திறந்து மேட்டுத் தெருவுக்குப் பிறகு திறந்து பாருங்கள், ஒரு மாதத்துக்காவது.

வீட்டுத் தொட்டிகளில் வழிவதைத் தடுக்க வேண்டும் என்றால் பால்காக் மாற்றுவதற்கு உதவுங்கள். மஞ்சள், பிங்க் ரேஷன் கார்டு வைத்திருக்கிற ஏழை வீடுகளுக்குப் பஞ்சாயத்துச் செலவில் மாட்டிக் கொடுங்கள். பழுதான வால்வுகளைக் கழற்றிச் சுத்தம் செய்ய எங்கள் தெருவில் நான் கூலி வாங்க மாட்டேன். மின்சாரக் கருவி எதையாவது பிற்பாடு கட்டாயமாக்குவதாக இருந்தால், எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மாட்ட வேண்டும் என்று அந்த உத்தரவிலேயே எழுதுங்கள்.

அடுத்த கிராம சபைக்குப் பொறியாளர் அவர்கள் நேரில் வர வேண்டும். என் நோட்டுப் புத்தகத்தையும் வீடியோவையும் கொண்டுவருகிறேன், நீங்கள் மோட்டார் பதிவேட்டைக் கொண்டுவாருங்கள், எல்லாருக்கும் முன்னால் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

துருப்பிடிக்காத கம்பி 20 மீட்டரும், இரண்டு புதுக் கப்பிகளும் வாங்கி என் கடையில் வைத்திருக்கிறேன். அவற்றுக்குக் காசு வேண்டாம். ஏணியைப் பத்திரமாக்கிக் கொடுத்து, தொட்டியில் ஏற எழுத்தில் அனுமதி தந்தால், ஒரே பகலில் நானும் என் கடைப் பையனும் முள்ளை ஓட வைத்துவிடுவோம். அந்த அனுமதிக்கான விண்ணப்பத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். 15 நாளுக்குள் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கிழக்குத் தெரு, மேட்டுத் தெரு வீட்டுக்காரர்கள் சார்பில்,
மோட்டார் வைண்டிங் கடைக்காரன்